குட்டி யானையில் ஏறுகிற வீடு

"வாடகை வீடுதானே, இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு மெனக்கெடறே?" வீடு மாறிய யாரிடமும் ஒரு சித்தியோ அலுவலகத் தோழியோ இதைக் கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கேள்வியில் உடன்பாடே கிடையாது. கல்யாணமான புதிது, பிள்ளை தவழ்ந்து எழுந்து நடக்கிற வயசு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து கூட இருக்கிற காலம் என்று வாழ்க்கையின் நல்ல வருஷங்களை நம்மில் பாதிப் பேர் வாடகை வீடுகளில்தான் கழிக்கிறோம். சொந்த வீடு வரட்டும், அப்புறம் அழகாக வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வருஷமெல்லாம் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலேயே போய்விடும்.

ஆனால் காசை எதில் போடுவது என்பதில் நான் ரொம்பக் கறார். வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங், சுவரோடு சேர்த்து அடித்த டிவி யூனிட், அளவெடுத்துச் செய்த கிச்சன் அலமாரி எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். காலி பண்ணும்போது அத்தனையும் ஓனருக்கு. அதனால் எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: இது குட்டி யானையில் ஏறுமா?

நாம் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் 2005இல் வந்தது. பின்பக்கத் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடி அகலம். சென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் வீடு மாறுவது பெரும்பாலும் இந்த வண்டியில்தான். இதில் ஏறுகிற சாமான் அடுத்த வீட்டுக்கும் நம்மோடு வரும். ஏறாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். வண்டியை விடப் பெரிய சோதனை மாடிப்படி. லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டுகளில் படி மூன்றடி அகலம் இருந்தால் அதிகம், நடுவில் ஒரு திருப்பம் வேறு. கழற்ற முடியாத எல் வடிவ சோஃபா அந்தத் திருப்பத்தில் சிக்கி, கைப்பிடியைக் கழற்றி, கடைசியில் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றியதைப் பல தெருக்களில் பார்த்திருக்கிறேன். நட்டு போல்ட்டைக் கழற்றினால் நாலு துண்டாகப் பிரிகிற கட்டில், இரண்டு பேர் தூக்கக்கூடிய மேஜை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய நாற்காலி. வாடகை வீட்டுக்குச் சாமான் என்றால் இந்த ரகம்தான்.

சரி, வீடு பார்த்தாயிற்று, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பாலும் காய்ச்சியாயிற்று. உடனே கடைக்குக் கிளம்ப வேண்டாம். கொஞ்ச நாள் பாய் தலையணையோடு, வீட்டை வெறுமனே விட்டுவைத்துப் பாருங்கள். காலி வீட்டில்தான் அதன் குணம் தெரியும். காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, சாயங்காலம் எந்தச் சுவர் தொட்டால் சுடுகிறது, காற்று எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகப் போகிறது என்பதெல்லாம் சோஃபாவும் பீரோவும் வந்துவிட்டால் மறைந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்குக் காற்றுதான் முதல் சொத்து. கோடையில் பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல்காற்று உள்ளே வரும். அந்தப் பக்க ஜன்னலை ஒட்டி உயரமான பீரோவையோ புத்தக அலமாரியையோ நிறுத்தினால், காசு கொடுக்காமல் கிடைக்கிற குளிர்ச்சியை நாமே அடைத்த மாதிரி. அந்த ஜன்னலுக்குக் கீழே ஜன்னல் விளிம்பைவிடத் தாழ்ந்த சாமான் மட்டும்தான் இருக்க வேண்டும். எதிர்ச்சுவரில் இருக்கிற கதவோ ஜன்னலோ திறந்திருக்கவும் வேண்டும். வந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் அது உள்ளே வரவே வராது. மேற்குச் சுவர் வேறு கதை. மதியத்துக்கு மேல் முழுக்க வெயில் வாங்கி ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும் சுவர் அது. கட்டிலின் தலைமாட்டை அதில் வைத்தால் தூக்கம் போயிற்று. பீரோவும் துணி அலமாரியும் அந்தப் பக்கம் போகட்டும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் பீரோவைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்வார்கள். அது மேற்கு வெயில் அடிக்கிற மூலையும்கூட. நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இங்கே சண்டையே வராது. வடக்கே தலை வைக்காதே என்பதையும் பெரும்பாலும் கடைப்பிடித்துவிடலாம். ஆனால் சாஸ்திரத்துக்காக ஒரு ஜன்னலை நிரந்தரமாகக் கட்டிலால் அடைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காற்றுக்கு அடுத்தபடி வீட்டை ஆளுகிறவை ஃபேன் கொக்கியும் பிளக் பாயிண்டும். பழைய ஃபிளாட்டுகளில் கதவுக்குப் பக்கத்து சுவிட்ச் போர்டில் ஒரு பாயிண்ட், எதிர்மூலையில் இன்னொன்று, அவ்வளவுதான். டிவி எங்கே, மிக்ஸி எங்கே, பிள்ளை படிக்கிற மேஜை எங்கே என்பதை அந்த இரண்டு ஓட்டைகள்தான் தீர்மானிக்கின்றன. இதைப் பார்க்காமல் சாமானை நிறுத்திவிட்டு எக்ஸ்டென்ஷன் வயரை நடைவழியில் இழுத்தால், எவ்வளவு செலவு செய்தாலும் வீடு அலங்கோலமாகவே தெரியும். கால் இடறும் ஆபத்து வேறு.

படுக்கையறையை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நம்மூரில் சாதாரணமாகக் கிடைப்பது பத்துக்குப் பத்து அறை. கிங் சைஸ் கட்டில் ஆறடி அகலம், ஆறரையடி நீளம். குயீன் சைஸ் அகலத்தில் ஓரடி குறைவு, ஐந்துக்கு ஆறரை. பீரோ ஆறரையடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரையடிக்குச் சற்றே மேல் ஆழம். அதன் ஒவ்வொரு கதவும் திறக்க ஒன்றரையடி வேண்டும். குயீன் கட்டிலை அறை நடுவில் போட்டு, கால்மாட்டில் பீரோவை நிறுத்தினால் இடையில் மிஞ்சுவது இரண்டடிகூட இல்லை. பீரோவைத் திறக்க நாம் கட்டிலில் ஏறித்தான் நிற்க வேண்டும். அதே கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ப்பக்கச் சுவரில் பீரோவை வைத்தால் நடுவில் மூன்றடிக்கு மேல் நிம்மதியான இடம். சின்னப் பிள்ளை இருந்தால் சுவர்ப் பக்கம் படுக்க வைத்துவிடலாம், விழாது. கிங் சைஸ் வாங்கியிருந்தால் இந்த மூன்றடியில் ஒன்று போய்விடும். பத்துக்குப் பத்து அறைக்குக் குயீன்தான் அளவு என்று இதனால்தான் எல்லோரிடமும் அடித்துச் சொல்கிறேன்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சாக்பீஸ் எடுத்து, வாங்கப் போகிற சாமானின் நீள அகலத்தைத் தரையில் கோடு போட்டு வையுங்கள். மொசைக் தரையில் அருமையாகத் தெரியும். அந்தக் கோட்டை மிதிக்காமல் இரண்டு நாள் வீட்டுக்குள் நடமாடுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது, துணி காயப்போட பால்கனிக்குப் போகும்போது எத்தனை முறை கோட்டை மிதிக்கிறீர்கள் என்று பார்த்தாலே போதும். அந்தச் சாமான் வேண்டுமா, வேண்டாமா, தள்ளி வைக்கலாமா என்று தெரிந்துவிடும்.

ஹாலுக்கு முதலில் சோஃபா வாங்க வேண்டும் என்பது எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. எனக்கு அதில் மரியாதை இல்லை. பட்ஜெட்டில் பெரிய துண்டை விழுங்கும், அறையில் பெரிய இடத்தை அடைக்கும், துணி உறையில் வியர்வையும் தூசியும் சேரும், சென்னைப் புழுக்கத்தில் ரெக்ஸின் முதுகில் ஒட்டும். அதற்குப் பதில் மூன்றடிக்கு ஆறேகாலடி ஒற்றைக் கட்டில் ஒன்றைத் திவானாகச் சுவரோரம் போடுங்கள். பகலில் நாலு பேர் உட்காரலாம், ராத்திரி ஊரிலிருந்து வந்த மாமா படுத்துக்கொள்ளலாம், அடியில் பெட்டிகளும் குளிர்காலப் போர்வையும் போய்விடும். அதன்மேல் ஒரு இலவம்பஞ்சு மெத்தை. போடிநாயக்கனூர்ப் பக்கம் இன்றைக்கும் செய்கிறார்கள். ஃபோம் அமுங்கினால் அமுங்கியதுதான். பஞ்சு அப்படியில்லை. வெயிலில் காயவைத்தால் மறுபடி உப்பும், கெட்டிப்பட்டால் பிரித்து அடித்துத் திரும்ப நிரப்பித் தருவார்கள். மேலே சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றை இழுத்துச் செருகி, சுவரோரம் உருளைத் திண்டு இரண்டு வைத்துவிட்டால் ஹால் முடிந்தது.

அப்புறம் தரை. நம் வீடுகளில் தரையே பெரிய சாமான். சாப்பிட, படிக்க, காய் நறுக்க, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர என்று எல்லாம் அங்கேதான் நடந்தது. விருந்தாளி வந்தால் ஒரு பாயை விரித்தால் ஹால் நிறைந்துவிடும், போனதும் சுருட்டினால் ஹால் திரும்பக் கிடைத்துவிடும். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு இடம் தருகிற பொருள் வேறு எனக்குத் தெரியவில்லை. சாதாரணக் கோரைப் பாய் சில நூறு ரூபாய்தான். பத்தமடைப் பாய் என்றால் விலை ஏறும், ஆனால் அது வேறு ரகம். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிசாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, பருத்தி நூலை ஊடு கொடுத்து நெய்கிறார்கள். நல்ல பத்தமடைப் பாய் துணி மாதிரி மடங்கும். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து தருகிற வழக்கமும் அங்கே உண்டு. அப்படி ஒன்று வீட்டில் பெட்டிக்குள் தூங்கினால் எடுத்து ஹாலில் விரியுங்கள். நடமாட்டம் அதிகமுள்ள இடத்துக்குப் பவானி ஜமுக்காளம். கெட்டி நூல், அழுத்தமான பட்டைக் கோடுகள், வாஷிங் மெஷினுக்குக் காத்திருக்காமல் மொட்டை மாடியில் அலசிக் காயப்போடலாம். புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. அதே பெயரில் விசைத்தறிச் சரக்கும் நிறைய வருகிறது. கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள், காசு நெய்தவர் கைக்குப் போகும்.

முட்டி வலிக்கிற பெரியவர்கள் இருந்தால் தரை மட்டும் போதாது. அவர்களுக்குக் கைப்பிடி உள்ள, பதினெட்டு அங்குல உயரத்தில் உட்காருகிற ஒரு நல்ல நாற்காலி வேண்டும். ரொம்பத் தாழ்ந்த சோஃபாவில் உட்கார்ந்த பாட்டியை இரண்டு பேர் கை கொடுத்து எழுப்புகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அந்த ஒரு நாற்காலிக்குச் செலவு பண்ணலாம். அதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

பழைய மரச்சாமான் கடைகளில் எனக்குப் பிடித்தது பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி. ஒரு காலத்தில் எல்லா அரசு அலுவலகங்களிலும் பள்ளித் தலைமையாசிரியர் அறைகளிலும் இருந்த அதே நாற்காலி. "பர்மா தேக்கும்மா, இப்பல்லாம் இந்த மரம் எங்க கிடைக்குது?" என்று கடைக்காரர் ஆரம்பிப்பார். மறுத்துப் பேச வேண்டாம். "அண்ணா, கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். மேலே பாலிஷ் எதை வேண்டுமானாலும் மறைக்கும், அடிப்பக்கம் மறைக்காது. அங்கே பாலிஷ் படாத மரத்தின் நிறமும் ரேகையும் தெரியும். பழுப்பாக, கையில் கனமாக இருந்தால் வைரம் பாய்ந்த மரம். வெளிறிய பட்டைகள் ஓடினால் அது மரத்தின் வெள்ளைப் பகுதி, வண்டு முதலில் கை வைப்பது அங்கேதான். குண்டூசி நுழைகிற மாதிரிப் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருந்தால் நாற்காலியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மாவு மாதிரிப் பொடி கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பொடி கொட்டாத பழைய ஓட்டைகளை மெழுகால் அடைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மூட்டுகள். பழைய ஆசாரிகள் கழுந்து செதுக்கித் துளையில் இறக்கியிருப்பார்கள், ஆணி இருக்காது. சமதரையில் நிறுத்தி முதுகுப் பலகையைப் பிடித்துக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் கவலையில்லை. மூட்டைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஃபெவிகால் வைத்து, கயிற்றால் முறுக்கி ஒரு நாள் விட்டால் இறுகிவிடும். கழுந்தே விரிசல் விட்டிருந்தால் வேண்டாம். கால் எங்கேயாவது தகட்டாலோ ஆணியாலோ ஒட்டுப்போடப்பட்டிருந்தாலும் வேண்டாம்.

பிரம்பு பிய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் இந்த நாற்காலிகளை ஒதுக்குகிறார்கள். எனக்கு அது விலை குறைக்கக் கிடைத்த காரணம். பிரம்பை ஊறவைத்து ஓட்டை ஓட்டையாகக் கோத்து, நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை என்று பின்னிக்கொண்டே போனால் கடைசியில் எட்டுமூலைக் கண்கள் விழும். காயக் காய அது தானாக இறுகும். பார்வையற்றோர் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னும் வேலை அவர்கள் பலருக்குச் சம்பளமாகவும் இருந்தது. விரல் நுனியிலேயே வரிசை பிசகாமல் பின்னுகிற அந்தக் கைவேலை, பிளாஸ்டிக் நாற்காலி வந்தபிறகு குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் ஊரில் இன்னும் யாராவது பின்னித் தருகிறார்களா என்று விசாரித்து அவர்களிடமே கொடுங்கள். நைலான் ஒயர் இன்னும் அதிக நாள் உழைக்கும்தான். ஆனால் மே மாதத்தில் முதுகுக்குக் காற்றோட்டமாகப் பிரம்பு தருகிற சுகம் ஒயரில் கிடையாது.

மிச்ச மர வேலையை நாமே செய்யலாம். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, 120, பிறகு 220. ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரியும். ஈரத்துணியால் தூசி துடைத்து, காய்ந்ததும் மெல்லிசாக இரண்டு கை வார்னிஷ். மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள், காயவே காயாது.

ஒரே எச்சரிக்கை: பழைய மெத்தையும் பஞ்சு வைத்துத் தைத்த பழைய சோஃபாவும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் வீட்டையே புரட்டிப் போட வேண்டியிருக்கும். பழைய கட்டில் வாங்கினாலும் மூட்டு இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

துணிக்கு வருவோம். ஒரு வீட்டின் முகத்தைக் குறைந்த செலவில் மாற்றுவது திரைச்சீலைதான். அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளை விட்டுவிட்டு எதற்குக் கடைக்குப் போக வேண்டும்? சேலை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. அகலம் ஏறக்குறைய நாலடி. நீளத்தை நாலாக வெட்டினால் நாலரையடி உயரத்தில் நாலு துண்டு. மேலே கம்பி நுழைகிற மடிப்பும் கீழே விளிம்பும் தைத்தது போக நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நாலடி ஜன்னல் இரண்டுக்கு ஒரு சேலை போதும். கதவுக்கு வேண்டுமென்றால் ஏழரையடியாக இரண்டு துண்டு, மிச்சத்தில் இரண்டு குஷன் உறை. வெட்டுவதற்கு முன் முந்தானை எங்கே வருகிறது என்று பார்த்து, அது கதவுத் திரையின் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். கரை இரண்டு ஓரமும் தானாகவே அமைந்துவிடும். செட்டிநாட்டுக் கட்டம், சின்னாளபட்டிச் சுங்குடி இரண்டும் வெயில் பின்னாலிருந்து விழும்போது அறைக்கே நிறம் கொடுக்கும். நேர் மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னலுக்கு மட்டும் நல்ல சேலையைப் போடாதீர்கள், சீக்கிரம் வெளிறி இற்றுவிடும். அங்கே கெட்டியான வெளிர்நிறத் துணி.

துணி வாங்கியே ஆகவேண்டும் என்றால் எழும்பூர் பாந்தியன் சாலை. காட்டன் ஸ்ட்ரீட் என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஏற்றுமதியில் மிஞ்சிய திரைத்துணி, மெத்தை விரிப்புத் துணியெல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும், பேரம் உண்டு. கோ-ஆப்டெக்ஸ் தலைமையகமும் அதே சாலையில்தான். ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம். கரூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் நல்லது, வெளிநாடுகளுக்குப் போகிற அடுப்படித் துணியும் மேஜை விரிப்பும் நெய்கிற ஊர் அது.

ஓட்டை போட முடியாத ஜன்னலுக்கு ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது. ஜன்னல் குழிக்குள் இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கும். ஆணி விஷயத்தில் ஓனர்களுக்கு இருக்கிற பயம் தெரிந்ததுதானே. வீட்டுக்குள் போகிற அன்றைக்கே எல்லாச் சுவரையும், பாத்ரூம் ஓடுகளையும், ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளையும் போனில் படமெடுத்து ஓனருக்கு அனுப்பிவைத்துவிடுங்கள். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதை அது உரிமையாளர் பக்கமும், குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரிச் சின்ன ரிப்பேர்களைக் குடியிருப்பவர் பக்கமும் வைக்கிறது. நடைமுறையில் காலி பண்ணும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அக்ரிமென்ட்டில் பெயின்ட் பற்றி என்ன இருக்கிறது, ஆணி பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். ஒரு மாத வாடகை என்பது பலருக்கு மொத்த அலங்கார பட்ஜெட்டைவிடப் பெரிய தொகை.

ஆணி அடிக்காமலேயே சுவரை நிரப்பலாம். பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் ஃபிரேமும் நாம் கேட்ட அளவுக்கு வெட்டிக் கட்டித் தருகிறார்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கட்டி, சுவரில் சாய்த்து, அடியில் வழுக்காமல் ரப்பர் வைத்து, ஜன்னலுக்கு எதிரே அல்லது பக்கவாட்டில் நிறுத்தினால் இருட்டு ஹாலுக்கு இரண்டாவது ஜன்னல் திறந்த வெளிச்சம் வரும். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் சாய்த்து வைக்கவே கூடாது.

வெளிச்சம் என்றதும் பல்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் எல்லா அறையிலும் ஒரே வெள்ளை டியூப்லைட். எல்.இ.டி. பெட்டியில் 6500கே என்று போட்டிருந்தால் அந்த நீலம் கலந்த வெள்ளை. சமையலறைக்கும் படிப்பு மேஜைக்கும் அது சரி. ஹாலிலும் படுக்கையறையிலும் சாயங்காலத்துக்கு 2700கே அல்லது 3000கே போட்ட மஞ்சள் பல்பு ஒன்று வையுங்கள். ஒன்பது வாட் பல்பு நூறு ரூபாய்ப் பக்கம்தான், பழைய பின் ஹோல்டரிலேயே மாட்டும். மேலிருந்து அடிக்காமல், தலை உயரத்துக்குக் கீழே மூலையில் ஒரு ஸ்டாண்ட் விளக்காக வைத்தால் பெயின்ட் உதிர்ந்த சுவரும் பழைய மொசைக்கும் இதமாகத் தெரியும். ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் சொல்வது பல்பு, திரை, பாய். இந்த வரிசையில்.

சமையலறையை ரொம்ப இழுக்கவில்லை. பழைய வீடுகளில் கடப்பா கல் அலமாரி திறந்தபடியே இருக்கும், அதை மறைக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுகிறது. தேவையில்லை. ஒரே உயரமுள்ள எவர்சில்வர் டப்பாக்களை முன்வரிசையில் அடுக்கி, கலர் கலரான பிளாஸ்டிக் கவர்களைப் பின்னால் தள்ளினாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர்கள் ஈரம் வாங்கும். அந்தச் சுவரோடு ஒட்டிய மர அலமாரியின் முதுகில் பூஞ்சை பூக்கும், உள்ளே இருக்கிற பட்டுச்சேலை நாறும். மூன்று விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். தரைத்தள வீடு என்றால் சாமான் தேர்விலேயே இதை யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வடிந்த பிறகு தெருவோரம் குவிந்து கிடந்தவை பெரும்பாலும் மெத்தைகளும் மரத்தூள் அட்டையில் செய்த அலமாரிகளும்தான். பார்ட்டிகிள் போர்டு தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. திடமரம் காய்ந்து எழுந்துவிடும், இரும்புக் கட்டிலைத் துடைத்துப் பெயின்ட் அடிக்கலாம், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. பார்ட்டிகிள் போர்டு மலிவு என்பது உண்மை. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அந்த மலிவு கட்டுப்படியாகாது. கால் உயரமான சாமான் வாங்கி, பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பரணிலோ பீரோவின் மேல்தட்டிலோ வையுங்கள்.

செடிக்குக் காசே வேண்டாம். பக்கத்து வீட்டு மணிபிளான்ட்டில் கணுவுக்குக் கீழே வெட்டிய ஒரு முழக்கொடி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர். பாம்புச் செடியின் ஓர் இலையை நறுக்கி நட்டாலும் வரும், பொறுமை வேண்டும். தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும், அதில் மட்டும் கவனம்.

கடைசியாக, எப்போது வீடு மாறுவது, எப்போது சாமான் வாங்குவது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானவர்கள் வீடு மாற மாட்டார்கள். அந்த நாட்களில் காலியாக நிற்கிற வீட்டுக்கு ஓனரிடம் வாடகை பேச நமக்குக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். தை பிறந்தால் முன்பணம் போட்டுவிட்டுப் பலர் வரிசையில் நிற்பார்கள். ஆடித் தள்ளுபடியில் மிக்ஸியும் மெத்தையும் வாங்கலாம், மரச்சாமான் மட்டும் தள்ளுபடி போர்டைப் பார்த்து வாங்காதீர்கள், பிளைவுட்டா பார்ட்டிகிள் போர்டா என்று பலகையின் வெட்டுமுனையைக் காட்டச் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு முடிகிற ஏப்ரல், மே மாதங்களில் ஊர் மாறிப் போகிறவர்கள் நல்ல கட்டில், மேஜையெல்லாம் வந்த விலைக்குக் கொடுப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் கண் வைத்திருங்கள், வாட்ச்மேன் அண்ணாவிடமும் சொல்லி வையுங்கள். போகிக்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் பழைய நாற்காலி, முக்காலி, மனைக்கட்டை எல்லாம் வெளியே வரும். எரிப்பதற்கு முன்னால் கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் நான் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், கையோடு ஒரு நீளமான கயிறும் கொண்டுபோவேன்.